கனடா மச்சான் சொன்ன டயரும் மட்டக்களப்பு மாரியும்: மூன்று வருட அனுபவம்

2022 கடைசியில், எரிபொருள் தட்டுப்பாட்டுக்காகக் கொண்டு வந்த கியூஆர் கோட்டாவில் கொஞ்சம் எண்ணெய் கிடைத்து காரை மறுபடி ரோட்டில் இறக்கலாம் என்று வந்தபோது பார்த்தால், என் டொயோட்டா கொரோலா 141 காரின் டயர் நான்கும் கல்லாகிப் போயிருந்தன. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதில் அடிப்பக்கம் தட்டையாகி, 60இல் போனாலே ஸ்டியரிங் கையில் நடுங்கும். ஓரமெல்லாம் கோடையில் வெடித்த வயல் மாதிரிக் கீறல். மாரியும் வரப்போகிறது. வீடு கல்லடி, வாரத்தில் இரண்டு நாள் அம்பாறைக்கு வேலை. களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை என்று அந்த ரோட்டை மழைக்காலத்தில் ஓடினவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

டொரண்டோவில் இருக்கிற மச்சான்தான் போனில் இந்தப் பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன், அதாவது எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற டயர் என்ற பேச்சை எடுத்தான். மழைக்கு ஒட்டிப் பிடிக்கும், வளைவிலும் கார் ஆடாது என்றான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டான்: அங்கேயே பனிக்காலம் வந்தால் அதைக் கழற்றிவிட்டு வேறு டயர் போடுகிறார்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். ஆக, பெயரில் எல்லாப் பருவமும் இருந்தாலும் உண்மையில் அது ஒரு சமரசம். சாதாரண கோடை டயரின் ரப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே விறைத்துப்போகும். இது விறைக்காமல் இருக்கும்படி கலந்தது. ஆனால் நம் ஊரில் 7 பாகை எங்கே இருக்கிறது? மூன்று வருடத்தில் ஒரே ஒரு தை மாதக் காலையில் நுவரெலியாவில் வைத்து அந்தக் குணம் எனக்குப் பயன்பட்டிருக்கலாம். அதுவும் நான் எழும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது.

இதெல்லாம் பிறகு விளங்கியது. அப்போது வாங்கிவிட்டேன். பிராண்ட் பெயர் வேண்டாம், நான்கு டயரை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனிக்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கியிருக்கலாம் என்று மனைவி இன்றைக்கும் சொல்லுவா.

காரோடு வந்த அளவு 195/65 ஆர் 15: அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 வீதம், ரிம் 15 அங்குலம். கைக்கு ஒரு செட் 16 அங்குல அலோய் ரிம் கிடைத்ததால் 205/55 ஆர் 16 போட்டேன். இரண்டுக்கும் மொத்த விட்டத்தில் 3 மில்லிமீற்றர் கூட வித்தியாசம் வராது, வேக மீட்டர் பொய் சொல்லாது. 91வி என்று எழுதியிருந்தது: ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வேகம் மணிக்கு 240 வரை. அந்த வேகத்தில் இங்கே யார் ஓடப் போகிறார்கள், மாடு படுத்திருக்குமே. நான் பார்த்தது வேறு இரண்டு எழுத்துகள்: ஈரப்பிடிப்புக்கும் சூட்டுத் தாங்குதலுக்கும் பக்கச்சுவரில் தனித்தனியாகத் தரம் போட்டிருப்பார்கள், இரண்டுமே ஏ. அப்புறம் செய்த திகதி. நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். கடைக்காரர் முதலில் இறக்கிக் காட்டியதில் 0719 என்று இருந்தது. 2019இன் ஏழாவது வாரம்! பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றதும் முகம் கறுத்தது, ஆனால் உள்ளே போய்ப் புதுசு கொண்டு வந்தார்கள்.

பூட்டியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்த டயருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டு உண்டு, பூவெட்டு, அதாவது ரோட்டில் படுகிற பக்கத்து வெட்டுக் கோலம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வெளிப்பக்கம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்தே இருக்கும். மூன்றைச் சரியாகப் போட்ட பையன் நான்காவதைத் திருப்பிப் போட்டுவிட்டான். பலன்ஸ் பார்த்து, எலைன்மெண்ட் (சில்லுகள் நேராக நிற்கிறதா என்று) பார்த்து, காசும் வாங்கியாயிற்று. மழையில் கார் மெல்லியதாக இடப்பக்கம் இழுப்பது போல ஒரு சந்தேகம், எலைன்மெண்ட் பிழை என்று நினைத்து இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கழுவக் குனிந்தபோதுதான் ஒரு சில்லில் அந்த எழுத்தைக் காணவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கிறது. வேறு கடையில் திருப்பிப் போட்டேன். கடையிலேயே நின்று நான்கையும் குனிந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

காற்றும் அப்படித்தான். கேட்காவிட்டால் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து விடுவார்கள். எனக்கு 33, காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளந்தது. மத்தியான வெயிலில் ஓடிவிட்டு அளந்தால் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துத் திறந்து விடக்கூடாது.

மழையில் எப்படி? இங்கே குறை சொல்ல எனக்கு வாய் வராது. கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் கட்டி நிற்கிற இடத்தில் பழைய டயர் மிதக்கத் தொடங்கிய வேகத்தில் இது ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. நீள வாய்க்கால்கள் தண்ணீரை வழித்து விடுகின்றன, மெல்லிய கீறல்கள் ஈரத்தைக் கடித்துப் பிடிக்கின்றன. ஓர் இரவு கல்முனை தாண்டி, அடைமழையில் நடுரோட்டில் மாடு. பிரேக்கை ஏறி மிதித்தேன். நேராக நின்றது, மாடு எழும்பவும் இல்லை. மகியங்கனைப் பதினெட்டு வளைவு மலை ரோட்டிலும் ஈரத்தில் நல்ல நம்பிக்கை. ஆனால் ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கும் இடத்தில் எந்த டயரும் ஒன்றுதான், நெல்லில் வழுக்கும்.

குறை வெயிலில். பங்குனி, சித்திரையில் தார் கொதிக்கும்போது வளைவில் டயர் கொஞ்சம் குழைகிற மாதிரி, ஸ்டியரிங் திருப்பினதற்கு ஒரு நொடி பிந்திப் பதில் வரும். தேய்மானமும் அதிகம். புதிதில் 8 மில்லிமீற்றர் இருந்த பூ, 38,000 கிலோமீற்றரில் முன்னுக்கு 3.5, பின்னுக்கு 4. பத்தாயிரத்துக்கு ஒருக்கால் முன் பின் மாற்றியும் இப்படி. லீற்றருக்கு 12 ஓடினது 11 ஆனது, அதில் அகலமான டயருக்கும் பங்கு இருக்கும். சத்தம் 30,000க்குப் பிறகு கூடியது.

பூ 1.6 மில்லிமீற்றர் ஆகும் வரை ஓடலாம்தான், ஆனால் 3க்குக் கீழே போனால் மழைக்காக வாங்கிய டயரை மழையில் நம்ப முடியாது. அதனால் இந்த ஐப்பசிக்கு முன் நான்கையும் மாற்றுகிறேன். இந்த முறை ஆல் சீசன் இல்லை. அதே அளவு, ஈரத்துக்கும் சூட்டுக்கும் அதே ஏ, ஆனால் வெப்ப நாட்டுக்கென்றே வருகிற சாதாரண டூரிங் டயர். பனிக்குக் கலந்த ரப்பருக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஊரில் டயர் ஒட்டுகிற ஐயா ஒருவர் முதல் நாளே கேட்டார், "பனிக்குப் போடுறத வெயிலுக்கு என்னத்துக்கு மனே வாங்கினாய்?" என்று. அன்றைக்குச் சிரித்தேன்.

பழைய நான்கையும் வீட்டுக்குக் கொண்டு வரப் போவதில்லை. வளவில் கிடந்து மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு என்று பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து நிற்பார்.