தையல் துணி அடுக்க வேக்யூம் பை செட்: 4,800 போனது, யாரும் ஏமாறாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தையலுக்காகத் துணி சேர்த்து வைத்திருப்பவர்களைக் குறிவைத்து, பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் ஒரு செட் ஓடிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு வேக்யூம் பை (துணியை உள்ளே வைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பை), ஒரு கைப்பம்ப், துணியைச் சுற்றி நிறுத்தி வைக்க நாற்பது அட்டை. விலை 4,800. அலமாரியில் அடைத்துக்கொண்டிருக்கும் துணியெல்லாம் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும் என்று விளம்பரம். அடங்கவில்லை. பணத்தையும் திருப்பித் தர மாட்டார்களாம்.

நம்ப வைத்தது அவர்களுடைய வீடியோ. மேஜைமேல் பெரிய குவியல். பம்பை நாலு இழு இழுத்ததும் நான்கு விரல் கனத்துக்கு இறங்கிவிடுகிறது. அதைப் பார்த்ததும் பணம் கட்டவில்லை. "மடித்த பருத்தித் துணிக்கும் இப்படியே அமுங்குமா?" என்று விற்பனையாளரிடம் கேட்டேன். "கண்டிப்பாக அமுங்கும். நைலான் அடுக்கு உள்ள பை, வால்வு காற்று விடாது, அட்டை அமிலம் இல்லாதது, ஒரு வருட உத்தரவாதம்" என்று பொறுமையாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வந்தது. இவ்வளவு விவரம் தெரிந்தவர்கள், அதுவும் எழுத்தில் சொல்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் 4,800 போனது.

இப்போது அதே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பையின் வாய் மூடும் இடத்தில் ஒரு நொடி வெள்ளையாகப் பஞ்சு விளிம்பு தெரியும். உள்ளே இருப்பது துணியே இல்லை, மெத்தை விரிப்புக்குள் வைக்கும் பஞ்சுத் தாள். பஞ்சு, கம்பளி, ஃப்ளீஸ் இவற்றில் பெரும்பகுதி காற்றுதான், உறிஞ்சினால் அமுங்கும். நெருக்கமாக நெய்த பருத்தியில் அப்படி உறிஞ்ச என்ன இருக்கிறது? மடிப்புகளுக்கு நடுவே உள்ள கொஞ்சக் காற்று மட்டும் போகும். 30 செ.மீ. உயரத்துக்கு அடுக்கிய பருத்தித் துணி, பம்பைக் கை வலிக்கும்வரை இழுத்தும் 25 செ.மீ.க்குக் கீழே இறங்கவில்லை. எடையும் ஒரு கிராம் குறையாது. 110 செ.மீ. அகலம், சதுர மீட்டருக்கு 150 கிராம் உள்ள துணி என்றால் மீட்டருக்கு சுமார் 165 கிராம். நூறு மீட்டர் பதினாறு கிலோவைத் தாண்டும். அதை ஒரே இழுப்பறையில் திணித்தால் அடிப்பலகை தொய்யும்.

அந்த அமுக்கமும் நிற்கவில்லை. மறுநாள் காலை பைகள் உப்பிக் கிடந்தன. ஜிப்பில் நூல் சிக்கினால் காற்று இறங்கும், அது உண்மை. அதனால் ஜிப்பைத் துடைத்து, வெறும் பையில் காற்றை அடைத்து, தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தேன். ஜிப்பிலிருந்து ஒரு குமிழிகூட இல்லை, வால்விலும் இல்லை. கீழ் மூலையில், பையின் இரண்டு பிளாஸ்டிக் தாளையும் சூடு வைத்து ஒட்டிய ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக, விடாமல் வந்துகொண்டே இருந்தன. ஒட்டே சரியில்லை. தாளும் சொன்ன தாள் இல்லை. நைலான் அடுக்கு உள்ளது விறைப்பாக இருக்கும், கசக்கினால் சரசரக்கும், எளிதில் நீளாது. இது விரலால் இழுத்தாலே வெளுத்து நீள்கிறது.

அட்டைக்கு வருவோம். 110 செ.மீ. துணியை அகலவாக்கில் பாதியாக மடித்து மறுபடி பாதியாக்கினால் 27.5 செ.மீ. அதைச் சுற்ற அட்டை 28 செ.மீ. உயரமாவது வேண்டும், படத்தில் போட்டிருந்ததும் 18க்கு 28. வந்தது 18க்கு 25. துணி மேலே இரண்டரை செ.மீ. துருத்திக்கொண்டு மடங்கிக் கசங்குகிறது. அமிலம் இல்லாத அட்டையாம்! வந்தது பழைய காகிதத்தை அரைத்துச் செய்த சாம்பல் நிற அட்டை. இதில் துணியை நேரடியாகச் சுற்றி நாள்பட வைத்தால் மடிப்போரம் பழுப்பேறும். மூன்று மீட்டர் துணி சுற்றியதுமே நடுவில் வளைந்தும்விட்டது.

புகார் செய்தேன். முதல் பதில்: "ஜிப்பில் நூல் சிக்கியிருக்கும், துடைத்து மூடுங்கள்." அடுத்தது: "அளவுக்கு மேல் திணித்திருப்பீர்கள்." குமிழி வருவதை வீடியோ எடுத்து அனுப்பினால், "பையை நனைத்ததால் உத்தரவாதம் செல்லாது." தளத்திடம் போனால் விற்பனையாளரிடம் பேசச் சொல்கிறார்கள், விற்பனையாளர் தளத்திடம் பேசச் சொல்கிறார். நடுவில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று ஒரு செய்தி. என்ன தீர்ந்தது? 4,800 கொடுத்தவருக்கு அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடியாம். இன்னொரு முறை அவர்களிடமே வாங்க வேண்டுமாம்! பிரித்த பையைச் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள். பிரிக்காமல் ஓட்டை இருப்பது எப்படித் தெரியும்?

வாங்கும்முன் பார்க்க வேண்டியதை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இருக்கிற மனநிலையில் முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

வேக்யூம் பை பஞ்சுக்கும் கம்பளிக்கும் மட்டும். பருத்திக்கு இடம் மிச்சமாக வேண்டுமென்றால், அகலமும் உயரமும் 33 செ.மீ. உள்ள அலமாரித் தட்டில், கெட்டி அட்டையில் சுற்றிப் புத்தகம் மாதிரி நிறுத்துங்கள். ஒரு மீட்டர் துண்டு சுற்றினால் கனம் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ.தான், ஒரு தட்டில் இருபதுக்கு மேல் நிற்கும். வெயில் படாத பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் மடிப்போரம் மட்டும் வெளுக்கும்.

பார்சலைப் பிரிப்பதையே வீடியோ எடுங்கள், அளவுகோலை அட்டைமேல் வைத்து. விற்பனையாளர் சொன்னதையெல்லாம் படமெடுத்து வையுங்கள், அந்த உரையாடலை அவர்களே அழித்துவிடுகிறார்கள். கார்டில் கட்டியிருந்தால் தளத்தை நம்பிக் காத்திருக்காமல் பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி வங்கியிடம் கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு.

இந்த செட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் வெல்வெட், கார்டுராய், ஃப்யூசிங் (காலருக்கு விறைப்புத் தர இஸ்திரி போட்டு ஒட்டும் பசைத் துணி) மூன்றையும் இன்றே வெளியே எடுங்கள். ஃப்யூசிங்கின் பசைப் புள்ளிகள் அழுத்தத்திலும் சூட்டிலும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடும். வெல்வெட்டின் மயிர் படுத்துவிட்டிருந்தால் இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்காதீர்கள், நிரந்தரமாகப் படுத்துவிடும். தொங்கவிட்டு, பின்பக்கத்திலிருந்து நீராவி காட்டி, ஈரம் காயும்முன் மென்மையான தூரிகையால் மயிரின் எதிர்ப்பக்கமாகத் தடவுங்கள்.