ரிச்சி தெரு மாடிக் கடையில் என் ட்வீட்டருக்கு உயிர் வந்தது

என் வீட்டு இடப்பக்க ஸ்பீக்கரில் தம்புராவின் ஜீவா போய்விட்டது. சுருதி சரியாகத்தான் கேட்டது. ஆனால் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலைச் செருகியதும் தம்புராவிலிருந்து ஓர் இழை கிளம்பி விரியுமே, அது வலப்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. கஞ்சிராவின் சலங்கைத் தகடும் அப்படியே. முப்பத்தைந்து ஆண்டுகளாக வீணை சொல்லிக்கொடுக்கிறவள் நான். இந்தக் குறை நாள் முழுவதும் காதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கர்கள் 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டு அதிகாரியிடமிருந்து 1991இல் என் கணவர் வாங்கினார். தாழ்ந்த, நடுத்தர ஒலிக்கு எட்டு அங்குல வூஃபர், அதற்கு மேலே உச்ச ஒலிக்கு ஓர் அங்குலத்தில் துணியாலான குமிழ் ட்வீட்டர். கணவர் காலமான பிறகும் தினமும் காலையில் அவற்றைத்தான் கேட்கிறேன்.

வீட்டருகே இருந்த ஒரு கடையில் முதலில் கேட்டேன். பெட்டியைத் திறக்காமலேயே, "ட்வீட்டர் செத்துப்போயிற்று, இரண்டையும் மாற்றுங்கள், ஐயாயிரம் ஆகும்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகினேன். மங்கல் அதே பெட்டியில்தான் இருந்தது. ஆக, ஆம்ப்ளிஃபயர் மீது பழியில்லை. வீணையின் கடைசி மெட்டில் பிடிக்கும் ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வெண்கூட 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அதெல்லாம் வூஃபரிலேயே வந்துவிடும். ட்வீட்டர் சோர்ந்துபோனால் ஸ்வரம் தப்பாது. நகம் தந்தியில் படும் அந்த முதல் கூர்மைதான் போகும். பலரும் இதைக் கவனிக்காமலே ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவி ஒருத்தியின் தந்தைதான் இந்தக் கடையைச் சொன்னார். சென்னையில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, நரசிங்கபுரம் தெருப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் மாடி. படிக்கட்டில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. கடைக்காரரை எல்லோரும் 'பாய்' என்றே கூப்பிடுகிறார்கள். அறுபது வயதிருக்கும்.

"என்ன கோளாறு?" என்று அவர் கேட்கவில்லை. "அம்மா, எதைக் கேட்கும்போது குறை தெரிகிறது?" என்று கேட்டார். தம்புரா என்றேன். தலையசைத்துவிட்டு, எந்த ஆம்ப்ளிஃபயர், எவ்வளவு சத்தமாக வைப்பேன் என்று விசாரித்தார். சக்தி குறைந்த ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் திருகினால் ஒலியலை மொட்டையாக வெட்டுப்பட்டு, அந்தச் சூட்டில் ட்வீட்டருக்குள் இருக்கும் 'காயில்' என்ற கம்பிச் சுருள் கருகிவிடுமாம். என் வீட்டில் அதற்கு வாய்ப்பில்லை.

ட்வீட்டரைக் கழற்றி, ஒயரைப் பிரித்துவிட்டு மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தார். பெட்டியின் பின்னால் ஒயர் செருகும் முனையில் மீட்டர் வைத்தால் ட்வீட்டரைப் பற்றி எதுவும் தெரியாது, நடுவில் இருக்கும் கண்டென்சர் மீட்டரின் நேர்மின்னோட்டத்தை மறித்துவிடும் என்றார். இடது 6.1 ஓம், வலது 6.0. எட்டு ஓம் ட்வீட்டருக்கு இது ஆரோக்கியமான அளவு. காயில் அறுந்திருந்தால் மீட்டர் எதையுமே காட்டியிருக்காது. 'செத்துப்போயிற்று' என்று ஐயாயிரம் கேட்டார்களே, அந்த ட்வீட்டர்தான் இது. அடுத்து இரண்டு ட்வீட்டர்களையும் பெட்டி மாற்றிப் பொருத்தினார். மங்கல் ட்வீட்டரோடு கூடவே போனது. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றும் தப்பித்தது.

மூன்று திருகுகளைக் கழற்றிக் குமிழைக் காந்தத்திலிருந்து தூக்கியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. காயில் அசையும் இடுக்கில் கறுப்பாகப் பிசின் போல ஏதோ இறுகிக் கிடந்தது. ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவமாம் அது. எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுத்துச் செலுத்துவதற்காக 1963இல் நாசாவின் ஸ்டீவ் பேப்பெல் உருவாக்கியது, பிறகு ட்வீட்டருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. காயிலின் சூட்டைக் காந்தத்துக்குக் கடத்துவதும், தேவையற்ற அதிர்வை அடக்குவதும் அதன் வேலை. நாற்பது ஆண்டுகளில் எண்ணெய் வற்றிக் கெட்டியாகிவிட்டால் காயில் சேற்றில் மாட்டிய கால் போல ஆகிவிடும். ஓம் கணக்கு சரியாகவே இருக்கும், ஓசை மட்டும் எழும்பாது.

ஸ்பிரிட்டில் நனைத்த வடிதாளைக் கீற்றாக வெட்டி, இடுக்கில் செருகிச் செருகி எடுத்தார். தாள் வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. பித்தளை இடுக்கிதான் பயன்படுத்தினார். இரும்புத் திருப்புளியைக் கிட்டே கொண்டுபோனால் காந்தம் இழுத்துக் குமிழைக் குத்திவிடும். புதுத் திரவத்தை ஊசியால் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்று இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது என்பதால் வலப்பக்கத்துக்கும் அதையே செய்தார்.

அவர் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. கிராஸ்ஓவரில் இருந்த பழைய எலக்ட்ரோலிட்டிக் வகைக் கண்டென்சர்களில் 4.7 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்க, மீட்டரில் 5.9, 5.4 என்று வந்தது. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அவற்றுக்குப் பதிலாகப் பிலிம் வகைப் புதுக் கண்டென்சர்களைப் போட்டார். வீட்டில் போட்டுக் கேட்டால் வயலினில் வில் உராய்வது சற்றுத் தூக்கலாக இருந்தது. மறுநாளே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். "உங்கள் பிரமை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உட்கார்ந்து கேட்டார். பழைய கண்டென்சருக்குள்ளேயே கொஞ்சம் மின்தடை இருந்தது, புதியதில் அது இல்லை, அதனால்தான் கூர்மை ஏறிவிட்டது என்று சொல்லி, இருபுறமும் ஒரு ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்துப் பற்றவைத்தார். தூக்கல் அடங்கியது. இதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

மொத்தம் 2,600 ரூபாய். குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் என்றவர் பதினேழு நாள் எடுத்துக்கொண்டார். கைபேசியை எடுப்பதே இல்லை. ரசீது கேட்டால்தான் தருகிறார், உத்தரவாதம் வாய்வார்த்தைதான். திரும்பி வந்த பெட்டி ஒன்றின் மரமூலையில் கீறல் இருந்தது. கேட்டதும் ஒப்புக்கொண்டு மெழுகு தேய்த்துக் கொடுத்தார் என்றாலும் தடம் தெரிகிறது.

போகிறவர்கள் இரண்டு பெட்டிகளையும் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் எடுத்துப்போனால் எதோடு ஒப்பிடுவது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, மற்ற நாள்களில் பதினொரு மணிக்கு முன் திறப்பதில்லை. பெட்டியைத் தூக்கக் கூட ஆள் வேண்டும், படிக்கட்டு செங்குத்தானது.

இப்போது காலையில் தம்புரா இரண்டு பக்கமும் விரிகிறது. வூஃபரின் விளிம்பு நுரை இன்னும் ஓரிரு ஆண்டுதான் தாங்கும் என்று பாய் விரலால் தொட்டுக் காட்டினார். அதையும் அவரிடமே கொண்டுபோவேன்.