கொல்லிமலை ஏற்றத்தில் நின்றுபோன பிக்கப்பும் நாமக்கல் பட்டறைகளும்

சேந்தமங்கலத்தில் சித்தப்பா வைத்திருக்கும் பழைய மஹிந்திரா பொலேரோ பிக்கப் காலியாக ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு டன் ஏற்றிக்கொண்டு காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்தால்தான் வில்லங்கம். சில வளைவுகளுக்குள் இழுவை குறையும், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் வராது, கடைசியில் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். பத்து நிமிடம் சும்மா நிறுத்தி வைத்தால் எதுவுமே நடக்காத மாதிரி மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிற்கும்.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சிமெண்ட், உரம், இறங்கும்போது வாழைத்தார், மரவள்ளி, பலா என்று இந்த வண்டிதான் வீட்டு வருமானத்தில் பாதி. வளைவின் நடுவில் என்ஜின் அணைந்தால் பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது, மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதற்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். கிளீனர் பையன் குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கட்டை போட்டதைப் போனில் கேட்டபோதே மெல்பர்னில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதனால் இந்த முறை பொங்கலுக்குப் போனபோது இதை முடிக்காமல் திரும்புவதில்லை என்று இருந்தேன்.

நான் போவதற்கு முன்னாலேயே சித்தப்பா ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்திருந்தார். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், அப்புறம் என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டியைக் காலியாக பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு சரியாகிவிட்டது என்று கொடுத்தார்கள், லோடு ஏற்றியதும் பழைய கதைதான். கடைசியாக, டீசல் பம்ப் போய்விட்டது, இறக்கி வேலை பார்க்க ₹25,000 ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். லோடு வைத்தால் மட்டும் வரும் கோளாறை லோடு இல்லாமல் சோதித்தால் எப்படித் தெரியும்? எனக்கு இருந்த ஒரே கோபம் இதுதான். ஆனால் அங்கே இருந்த பையன்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வண்டியைப் பார்ப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. பாகத்தை விற்றால்தான் அவர்களுக்கு வரவு. அரை நாள் செலவழித்து மலைக்குப் போய் இது பம்ப் இல்லை என்று கண்டுபிடித்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

லாரித் தொழிலுக்குப் பேர் போன ஊர் நாமக்கல். பாடி கட்டுகிற பட்டறை, ஸ்பிரிங் பட்டை கட்டுகிற பட்டறை, ரேடியேட்டருக்கு ஒருவர், டைனமோவுக்கு ஒருவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் இருப்பார். டீசல் பம்பை மட்டுமே பார்த்து டெஸ்ட் பெஞ்சில் வைத்து டீசல் அளவைச் சரிபார்த்து கலிபரேஷன் செய்து தரும் கடைகளும் உண்டு. பம்ப்தான் என்றால் பம்ப் கடைக்காரரிடமே கேட்டுவிடுவோம் என்று சித்தப்பாவையும் டிரைவர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு அப்படி ஒரு கடைக்குப் போனேன். சின்ன இடம், ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். பம்பைக் கழற்றச் சொல்லுவார் என்று பார்த்தால் கேள்விதான் கேட்டார்.

"நிக்கிறதுக்கு முன்னாடி புகை எப்படிங்க வருது? கருப்பாவா?"

டிரைவர் அண்ணன் புகையே இல்லை என்றார்.

"டக்குனு அணையுதுங்களா, இழுவை விட்டு விட்டு அணையுதுங்களா?"

விட்டு விட்டு என்றதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் பக்கம் பார்க்கலாம். டக்கென்று அணைந்தால் டீசலை நிறுத்தி என்ஜினை அணைக்கும் ஸ்டாப் சோலினாய்டுக்குப் போகும் ஒயர் லூசாக இருக்கலாம், லோடில் என்ஜின் சாய்ந்து அசையும்போது தொடர்பு விட்டுப்போகும். புகை இல்லாமல் மெதுவாகச் செத்தால் டீசல் போய்ச் சேரவில்லை. கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயிலுக்கு முந்தைய 2523 சிசி என்ஜின் இது, பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு படிக்கவும் வழியில்லை. ஆகவே இந்தக் கேள்விகள்தான் ஸ்கேனர்.

ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு டாங்கி மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருளாம். அது இல்லை. ஃபில்டருக்கு வரும் வழியில் ஒரு அடி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டினார். குமிழி ஓடினால் எங்கேயோ காற்று இழுக்கிறது, ஹோஸையும் செம்பு வாஷரையும் பார்க்கணும். குமிழியும் இல்லை.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு 10 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, கேபினில் கால் வைக்கும் இடத்தில் கட்டி, அதிலிருந்து நேராக என்ஜினுக்குக் குழாய் விட்டார். கேனை மேலே ஏன் கட்டவில்லை என்று கேட்டேன். "மேல வச்சா டீசல் தானா எறங்கிரும் தம்பி, ஃபீட் பம்ப் வீக்கா இருந்தாலும் தெரியாது" என்றார். ஃபீட் பம்ப் என்பது டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் கேனுக்குள்ளேயே விட்டார், இல்லாவிட்டால் கேன் டீசல் எல்லாம் பழைய டாங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு 20 மூட்டை சிமெண்ட் ஏற்றி, அதாவது சரியாக 1 டன், அவரே கூட உட்கார்ந்து வந்தார். வழக்கமாக நிற்கும் இடத்தை எல்லாம் தாண்டி வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பம்ப் நன்றாக இருக்கிறது, ஃபீட் பம்ப் நன்றாக இருக்கிறது, ₹25,000 தேவையில்லை, கோளாறு டாங்கிப் பக்கம் என்று ஒரே ஓட்டத்தில் முடிவாகிவிட்டது.

டாங்கியை இறக்கினால் அடியில் துரு, கருப்பாக வழவழவென்று ஒரு கசடு. அவசரத்துக்கு மலைமேல் கேனில் வாங்கி ஊற்றின டீசலோடு வந்த தண்ணீரும் மண்ணும் வருஷக்கணக்காகச் சேர்ந்திருக்கிறது. உறிஞ்சும் குழாய் நுனியில் உள்ள சல்லடை முக்கால்வாசி மூடியிருந்தது. காலியாகப் போகும்போது எரியும் கொஞ்ச டீசலுக்கு மிச்சத் துளைகள் போதும். லோடில் ஏறும்போது தேவை கூடுகிறது, உறிஞ்சல் தொடரத் தொடர கசடு சல்லடையில் அப்பிக்கொள்கிறது. என்ஜின் நின்றதும் உறிஞ்சல் போய் கசடு கீழே விழுந்துவிடுகிறது, அதனால்தான் பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது. இதே அறிகுறி உங்கள் வண்டிக்கும் இருந்தால் பம்பில் கை வைப்பதற்கு முன்னால் இந்தக் கேன் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் பட்டறையில் டாங்கிக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்கி, டீசலால் அலசிக் கொடுத்தார்கள். பொங்கல் நேரம் என்பதால் ஸ்பேர் கடை பாதி மூடியிருந்தது, டீசலுக்கான ஹோஸ் கிடைக்கத்தான் அலைச்சல். தண்ணீர் ஹோஸை மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள், தயவுசெய்து அதை வாங்காதீர்கள், டீசலில் ஊறி உப்பிவிடும். புது ஹோஸ், வாஷர், ஃபில்டர், டாங்கிக் கூலி எல்லாம் சேர்த்து ₹3,800. ஹேண்ட் பம்பை அடித்து, டீசல் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்து, அடுத்த நாளே சிமெண்டோடு செம்மேடு வரை நிற்காமல் போய் வந்தாயிற்று.

பம்ப் கடைக்காரர் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. "நான் ஒண்ணும் மாத்தலீங்களே" என்றார். சித்தப்பாவும் பார்த்ததற்கெல்லாமா காசு என்றுதான் நினைத்தார். நான் விடவில்லை. அரை நாள் கடையை விட்டு மலைக்கு வந்திருக்கிறார், ₹25,000 மிச்சம் செய்திருக்கிறார், எல்லாவற்றையும்விட ஒரு விபத்தைத் தடுத்திருக்கிறார். மெல்பர்னில் கோளாறு என்ன என்று பார்ப்பதற்கே தனியாக பில் வரும், ஒரு மணி நேரக் கூலி 100 டாலருக்குக் குறையாது. நல்ல மெக்கானிக்கின் யோசனைக்கு நம் ஊரில் விலையே வைக்காமல், மாற்றிய பாகத்துக்கு மட்டும் காசு கொடுத்துக்கொண்டிருந்தால், இவரைப் போன்றவர்கள் எத்தனை நாள் இப்படி வேலை செய்வார்கள்? ரொம்ப நேரம் மறுத்துவிட்டு ₹2,000 வாங்கிக்கொண்டார், ஜிபேயில் அனுப்பினேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாங்கி அடியில் உள்ள நட்டைத் திறந்து கசடு எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பதையும் மலையிலேயே கவனித்துச் சொன்னார். எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுக்கு, காட்டணும், அடுத்தது வருவதற்குள் அந்த வேலையையும் முடிக்கச் சொல்லி சித்தப்பாவிடம் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.