பாண்டியா, பெங்களூரா, இங்கேயேவா? டேங்கிலிருந்து கிளாஸ் வரை ஒரு பீர் ஒப்பீடு

வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் எங்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மச்சான், புதுசா எதாவது பீர் வந்திருக்கா?" உடனே மூன்று கட்சி பிரியும். ஒருவன் ஈசிஆரில் பஸ் ஏறிப் பாண்டிக்குப் போகலாம் என்பான். இன்னொருவன் பெங்களூருக்கு ரயில் டிக்கெட் பார்ப்பான். மூன்றாமவன், "எதுக்குடா அலைச்சல், இங்கயே ரெண்டு வாங்கிக்கலாம்" என்பான். மூன்று வழியிலும் பல வருடம் போய் வந்தவன் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். பீரின் ருசிக்காகக் குடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது. ஏத்திக்கொள்வதுதான் நோக்கம் என்றால் இங்கே சொல்வது எதுவும் உதவாது.

என்னுடைய அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இட்லி மாவு. நேற்றிரவு அரைத்துப் புளித்த மாவில் வார்த்த இட்லிக்கும், ஐந்து நாள் ஃபிரிட்ஜில் கிடந்த மாவில் வார்த்ததற்கும் வித்தியாசம் தெரியாதவர் நம் ஊரில் இல்லை. பீரும் அப்படிப்பட்ட உணவுதான். தண்ணீர், முளைகட்டிக் காயவைத்த பார்லி, கசப்புக்கும் வாசனைக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, நொதிக்க வைக்க ஈஸ்ட். இவ்வளவுதான் அதில் இருப்பது. டேங்கை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அது தேய ஆரம்பிக்கிறது. ஹாப்ஸ் வாசனை முதலில் போகும். பிறகு ஆக்சிஜன் வேலையைக் காட்டி, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு ருசி ஏறும். சூடு 10 டிகிரி கூடினால் இந்தத் தேய்மானத்தின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். சித்திரை மாதச் சென்னையில் லாரியிலும் குடோனிலும் நிற்கும் பீர்ப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். ஆகவே எனக்குக் கேள்வி எந்தப் பிராண்ட் என்பதல்ல. டேங்குக்கும் என் கிளாஸுக்கும் நடுவே எத்தனை நாள், எவ்வளவு வெயில் என்பதுதான்.

முதலில் நம்ம ஊர். 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. ஒரு பப்புக்குள்ளேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் மைக்ரோ ப்ரூவரி என்ற வகைக்குத் தமிழ்நாட்டில் இடமில்லை. அதனால் சென்னையில் 'புது பீர்' என்றால் பெரிய ஆலையிலிருந்து வரும் புது லேபிள் என்றுதான் அர்த்தம். 2024 கோடையில் வந்த வீரன் அப்படி வந்ததுதான். பெயரைக் கேட்டதும் ஆர்வமாக விசாரித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அதுவும் ஸ்ட்ராங் வகைதான். இந்தியாவில் 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் ஸ்ட்ராங் என்று பெயர். நாட்டில் விற்கும் பீரில் பெரும்பகுதி இந்த வகை. 200 ரூபாயை ஒட்டிக் கொடுக்கும்போது அதற்கேற்ற போதை வேண்டும் என்பது வாங்குகிறவரின் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஏற்றபடிதான் பீர் காய்ச்சப்படுகிறது. புது லேபிள் எத்தனை வந்தாலும் நாக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதே இனிப்பு, அதே காட்டம்.

இருந்தாலும் பாட்டிலை மட்டம் தட்ட மாட்டேன். லாகர் என்ற வகை பொறுமையான சரக்கு. குளிரில் மெதுவாக நொதித்து, வடிகட்டி, பாஸ்டரைஸ் செய்து வருவதால் பயணத்தைத் தாங்கும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. பூந்தமல்லி தாண்டிக் குத்தம்பாக்கத்திலேயே யுனைடெட் ப்ரூவரீஸின் ஆலை இருக்கிறது. அங்கிருந்து போன வாரம் கிளம்பிய சாதாரண மைல்டு லாகர், கப்பலில் மாதக்கணக்கில் வந்த வெளிநாட்டுப் பாட்டிலைவிட எத்தனையோ மேல். விலை அதிகமாக இருப்பதால் இறக்குமதி பீர் நல்லதாக இருக்கும் என்று நம்பி எலைட் கடையில் காசைக் கொட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். லேபிளில் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் என்றால் எடுங்கள், நாலு மாதம் ஆகியிருந்தால் வைத்துவிடுங்கள். பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள் உடைந்து ஒரு கெட்ட வாடை கிளம்பும். பழுப்புப் பாட்டில் பரவாயில்லை, டின் இன்னும் நல்லது. கடையில் கூலிங் இல்லை என்றால் வாங்கி வந்து வீட்டில் மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐஸ் போட வேண்டாம்.

நட்சத்திர ஹோட்டல் பார்களில் பீப்பாயிலிருந்து குழாய் வழியே ஊற்றித் தரும் டிராஃப்ட் பீர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழாயைச் சுத்தமாக வைத்திருக்கும் இடத்தில் நன்றாக இருக்கும். விலைக்குத் தகுந்த வித்தியாசம் கிடைப்பதில்லை.

அடுத்தது பாண்டி. சுமார் 150 கிலோமீட்டர். திருவான்மியூரில் காலையில் பஸ் ஏறினால் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே போய் பதினொன்றுக்குள் இறங்கிவிடலாம். யூனியன் பிரதேசம், தனிக் கலால் சட்டம். அதனால்தான் இங்கே இல்லாத மைக்ரோ ப்ரூவரி அங்கே இருக்கிறது. கேட்டமரான் ப்ரூயிங் கம்பெனி என்ற பெயரைப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய்க் கேட்டமரான் ஆகித் திரும்பி வந்திருக்கிறது.

பாண்டிக்காக நான் வாதாடுவதற்குக் காரணம் பீர்ப் பட்டியலின் நீளம் இல்லை. நீளம் என்று பார்த்தால் பெங்களூர் பக்கத்தில் அது நிற்க முடியாது. காரணம் காற்று. நம்முடையதைப் போன்ற உப்புக் காற்று, நம்முடையதைப் போன்ற புழுக்கம். அந்தப் புழுக்கத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் டேங்க் நிற்க, அதிலிருந்து நேராக வந்த கோதுமை பீரை ஒரு மடக்கு குடித்தால், இந்த வகை எந்த வேளைக்காகப் பிறந்தது என்று புரிந்துவிடும். லேசான உடம்பு, மெல்லிய புளிப்பு, நுரை நிறைய. பக்கத்தில் வறுத்த மீன் இருந்தால் போதும்.

மீனும் தானியக் கள்ளும் இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்முறையே இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, நல்லடை (இடித்த நெல்முளை) கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டுப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். தானியத்தை வேகவைப்பது, ஆற்றுவது, நொதிக்கவிடுவது, அன்றே பரிமாறுவது. இன்றைக்கு மைக்ரோ ப்ரூவரி செய்வதும் இதே வேலைதான். இதே தொண்டை நாட்டில் இன்று அதற்கு இடமில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கள்ளுக்கும் 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. பாண்டி எல்லைக்குள் கள்ளுக்கடை உண்டு. புதுசாக இருப்பதுதான் உங்கள் ஒரே அளவுகோல் என்றால் காலையில் இறக்கிய கள்ளை எந்த பீரும் ஜெயிக்க முடியாது. பீருக்கு டேங்கில் கிடக்கும் பொறுமை வேண்டும், கள்ளுக்கு அதுவும் வேண்டாம்.

இனி பெங்களூர். சுமார் 350 கிலோமீட்டர். சென்ட்ரலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் பெங்களூரின் முக்கிய ரயில் நிலையம் இருக்கும் மெஜஸ்டிக் வரை போக வேண்டியதில்லை. கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, பக்கத்திலேயே மெட்ரோவின் பர்ப்பிள் லைன் பிடித்தால் இந்திராநகர் நேராகப் போகலாம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மேஜையில் இருப்பீர்கள். 100 அடி ரோட்டில் இருக்கும் டாய்ட் 2010இல் தொடங்கியது. ஊரின் மைக்ரோ ப்ரூவரி அலைக்கு அதுதான் முன்னோடிகளில் ஒன்று. 2012இல் ஆர்பர் வந்தது. ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் இருக்கிறது, அங்கே சுவர் நிறையப் புத்தகமும் ஜாஸ் மேடையும் உண்டு. அமைதியாக உட்கார ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகலாம்.

பெங்களூரை நான் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வேன். உதாரணத்துக்கு டாய்ட்டில் இரண்டு கிளாஸ் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: டாய்ட் வைஸ், டின்டின் டாய்ட். இரண்டும் கோதுமை பீர், இரண்டும் மங்கலான மஞ்சள். வைஸ் ஜெர்மானிய வழி. முகர்ந்தால் கனிந்த வாழைப்பழமும் கிராம்பும் வாசனை வரும். வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை, அவ்வளவும் ஈஸ்ட் செய்கிற வேலை. பவேரியாவில் 1516இல் போட்ட பீர் சட்டம் மசாலா எதையும் சேர்க்க விடாததால் அந்த ஊர்க்காரர்கள் வாசனையை ஈஸ்ட்டிலேயே தேடிக்கொண்டார்கள். டின்டின் பெல்ஜிய வழி. அதில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். நம் வீட்டுச் சாம்பார்ப் பொடியில் போடும் அதே தனியாதான். முதல் முறை அது என் நாக்கில் பட்டபோது, எங்கேயோ தெரிந்த முகம் மாதிரி இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்த இரண்டையும் மாறி மாறிப் பத்து நிமிடம் குடித்தால் பீரைப் பற்றிப் புத்தகம் படிக்க வேண்டாம்.

டாய்ட்டின் பாஸ்மதி பிளாண்ட் அரிசி சேர்த்துக் காய்ச்சியது. லேசானது, முதல் கிளாஸுக்கு ஏற்றது. கசப்பு பிடிக்கும் என்றால் ஆர்பரின் ரேஜிங் எலிஃபன்ட் ஐபிஏ. ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட வகை. பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளியது மாதிரி ஒரு வாசனை, பின்னாலேயே நீண்ட கசப்பு. பாகற்காய் வறுவலை ரசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு உடனே பிடிக்கும், மற்றவர்கள் அரை கிளாஸ் பொறுக்க வேண்டும். ஐபிஏவில்தான் புதுசாக இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் முதலில் ஓடிப்போவது ஹாப்ஸ் வாசனை. கறுப்பு பீரான ஸ்டவுட், டிகாஷன் இறங்கும் ஃபில்டர் பக்கத்தில் நிற்பது போன்ற வறுத்த மணம் கொண்டது. காபி குடித்து வளர்ந்த நமக்கு அது அந்நியம் இல்லை. மே மாதம் போனால் பல இடங்களில் மாம்பழம் போட்டுக் காய்ச்சியதும் கிடைக்கும். புது வரவு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பருவம்தான் சரி.

குறையும் உண்டு. இரவு எட்டுக்கு மேல் பெரிய இடங்களில் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஒரு கிளாஸ் 300, 400 ரூபாய்க்குக் குறையாது. மைக்ரோ ப்ரூவரி என்றாலே தரம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், கிளாஸை வாயருகே கொண்டு போனதும் தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை அடித்தது. ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே அவசரமாக டேங்கைத் திறந்துவிட்டால் வருகிற வாசனை அது. சொன்னதும் பரிமாறியவர் மாற்றிக் கொடுத்தார். ஆனால் மாற்றிக் கொடுத்ததும் அதே டேங்கிலிருந்துதான். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: முழு கிளாஸ் கேட்பதற்கு முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்பேன். "தம்பி, எது கடைசியா திறந்தீங்க?" என்றும் கேட்பேன். நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள், காய்ச்சுகிறவரையே கூப்பிட்டு விடுவார்கள்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் பாண்டி ஒரு நாள் வேலை. பஸ் கட்டணம், மீன் சாப்பாடு, இரண்டு கிளாஸ், மாலையில் கடற்கரை, இரவு வீடு. பெங்களூருக்கு ஒரு ராத்திரி தங்கினால்தான் நியாயமாக இருக்கும். மூன்று கிளாஸுக்காக ஒரே நாளில் போய் வந்தால் உடம்பு சொல்லும். இரண்டுக்கும் காரில் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'ஒண்ணே ஒண்ணுதான்' என்று சொல்லி ஈசிஆரில் ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களோடு நான் ஏறுவதில்லை. அதே மாதிரி, பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். அனுமதியில்லாமல் வெளி மாநில மதுவை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம், சோதனைச் சாவடியும் உண்டு. அப்படியே வந்தாலும் வடிகட்டாத பீர் அந்த வெயிலில் வீடு சேரும்போது நீங்கள் ருசித்ததாக இருக்காது.

யாராவது என்னிடம் கேட்டால் இப்படித்தான் பிரித்துச் சொல்வேன். இப்படிச் சின்ன அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பீரே குடித்ததில்லை என்றால் முதலில் பெங்களூர் போங்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று அங்கேதான் தெரியும். தெரிந்த பிறகு வருடத்தில் நான்கைந்து முறை பாண்டி. அதுதான் என் ஓட்டு, சென்னைக்காரனுக்கு மனதாலும் தூரத்தாலும் அதுதான் பக்கம். மீதி நாட்களில் வீட்டு ஃபிரிட்ஜில் தேதி பார்த்து வாங்கிய ஒரு மைல்டு லாகர் போதும்.

இந்த முறை கூட வருகிறவனுக்கு ஐபிஏ என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் பிருந்தாவனில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். வரிசையும் சொல்லிவிட்டேன்: பாஸ்மதி பிளாண்ட், வைஸ், டின்டின், நடுவில் சாப்பாடு, எலிஃபன்ட் மறுநாள்.