சுடுநீருக்கு காஸா, ஹீட் பம்பா? உப்புவெளிக் கணக்கு

லண்டனில் பிளாட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் காஸ் பொயிலரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டைக் கரண்டால் இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் கருவி) பூட்டலாமா என்று யோசிக்கும்போது, முதலில் வருவது குளிர் பற்றிய பயம். வெளிக்காற்று பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கினால் அதிலிருந்து சூட்டை எடுக்க பம்ப் கூடுதலாகப் பாடுபட வேண்டும். வீடு முழுவதையும் வேறு சூடாக்க வேண்டும். திருகோணமலையில் மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம், நமக்கு வேண்டியதும் குளிக்கச் சுடுநீர் மட்டுந்தான். ஹீட் பம்புக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மாடி கட்டி அறைகளை வாடகைக்கு விடுபவர்கள் காஸ் கீசரை மறந்துவிடலாம் என்பது என் கட்சி.

100 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 55க்கு ஏற்ற சுமார் 3.1 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். காஸ் கீசரில் அதற்கு ஏறக்குறைய 0.3 கிலோ எரியும், 12.5 கிலோ சிலிண்டர் 4,000 லீற்றருக்கு வரும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு தருவதால், அதே வேலையை ஒரு யூனிட்டில் முடித்துவிடும். உங்கள் கடைசி பில்லையும் சிலிண்டர் விலையையும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

'கரண்ட் போனால்?' என்று கேட்பீர்கள். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்றோம், 13 மணிநேர மின்வெட்டையும் பார்த்தோம். இரண்டுமே கைவிட்ட வருடம் அது. ஆனால் நன்றாக உறை போட்ட தாங்கியில் காலையில் ஏற்றிய சூடு இரவுவரை நிற்கும். காஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத பாத்ரூமில் பூட்டினால் கார்பன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயு சேரும். வாடகைக்கு வருபவர் ஜன்னலைத் திறந்து வைப்பாரா என்று நாம் காவல் இருக்க முடியாது.

ஹீட் பம்பின் உண்மையான எதிரி உப்புக்காற்று. கடலோரத்தில் ஏசியின் வெளிப்பெட்டிக்கு என்ன கதி என்று தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: அலுமினியத் தகடு பொடிப்பொடியாக உதிரும், பெட்டியைத் தாங்கும் கம்பி துருப்பிடிக்கும். பூச்சுப் போட்ட தகடுள்ள மொடலாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டியைக் கடலுக்கு முதுகு காட்டி, வீட்டின் தரைப்பக்கச் சுவரில், கூரை நிழலில் வையுங்கள். அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணற்று நீர் சவராக இருந்தால் தாங்கிக்குள் இருக்கும் அனோட் கம்பியையும் (தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் கம்பி) நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நன்மையும் உண்டு. பம்ப் வெளியே விடும் காற்று குளிர்ந்தது, அதை ஸ்டோர் அறைக்குள் திருப்பிவிடலாம்.

குறை என்றால் நிதானம். 200 லீற்றர் தாங்கி ஏற மூன்று, நான்கு மணிநேரம் எடுக்கும். திடீரென்று பஸ் நிறைய ஆக்கள் வந்திறங்கினால் பிந்தியவர் பச்சைத்தண்ணீரில்தான் குளிப்பார்.

சூரிய சுடுநீர்ப் பெட்டியும் வலுவான போட்டியாளர். இங்கே சுற்றுலாக் காலம் சித்திரையிலிருந்து புரட்டாதிவரை, வெயிலும் அப்போதுதான். மாரியில் மேகம் மூடினாலும் அறைகள் பாதி காலி. கூரை முழுவதும் உங்களுடையதென்றால் அதையே முதலில் பாருங்கள். நாலு குடும்பம் பங்குபோட்ட மொட்டைமாடி என்றால் பேச்சே வேறு.

இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்க மலிவு. ஆனால் ஒன்றே 3.5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், 30 அம்பியர் இணைப்பில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் ட்ரிப் ஆகும். ஒன்றிரண்டு அறை மட்டும் என்றால் அது போதும், ஹீட் பம்புக்குக் காசு கொட்டாதீர்கள்.