அசூகார், ஷுகர்: எது அரபிக்கு நெருக்கம்?

ஸ்பானியரின் ‘அசூகார்’, ஆங்கிலேயரின் ‘ஷுகர்’ இரண்டுக்கும் தாய், அரபியின் ‘சுக்கர்’. பாட்டி, பாரசீகத்துக்கும் அப்பால், சரளைக்கல்லையும் குறித்த சமஸ்கிருத ‘சர்க்கரா’. நம் சர்க்கரையும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

711 முதல் 1492 வரை ஐபீரியாவில் (ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள தீபகற்பம்) முஸ்லிம் ஆட்சி இருந்தது. அரபி பேசியவர்கள் பக்கத்துத் தெருவிலேயே வாழ்ந்தார்கள். பேச்சில் கேட்ட ‘அஸ்-சுக்கர்’ என்பதை, முன்னால் ஒட்டிய ‘அல்’ என்ற சுட்டோடு (ஆங்கில ‘the’ போன்றது) சேர்த்தே ஸ்பானியம் விழுங்கிவிட்டது. (‘ச’வுக்கு முன் ‘அல்’, ‘அஸ்’ ஆகும்.) அரிசிக்கு ‘அர்ரோஸ்’ என்பதும் இதே கூத்து.

ஆங்கிலமோ லத்தீன், பழைய பிரெஞ்சு எனக் கைமாறிய சரக்கை வாங்கியது. அதில் சுட்டு இல்லை. அரபி வாசனைக்கு என் ஓட்டு அசூகாருக்கே. 1879இல் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை இனிப்பான சாக்கரினின் பெயர், கிரேக்கம் வழி வந்த தனிக் கிளை.