கடலூர்–புதுச்சேரி ரோட்டில் 70 ஆயிரம் கிலோமீட்டர்: வண்டி ஏன் அலைந்தது?

மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. 2019 கடைசியில் எடுத்த 150 சிசி வண்டி, போக வர 45 கிலோமீட்டர் என்று ஓடி இப்போது 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மைலேஜைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வண்டி நேராக ஓடுகிறதா என்பதுதான் என் கவலை.

40 ஆயிரம் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் பெண்ணையாற்றுப் பாலத்தில் முன்பக்கம் லேசாக அலைய ஆரம்பித்தது. பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும், அதுதான் என்று நானே முடிவு கட்டி நாலைந்து மாசம் ஓட்டினேன். ஒருநாள் தவளக்குப்பத்துக்கு முன்னால், இலைகூட அசையாத நேரம், வேகம் 45க்கு இறங்கியபோது ஹேண்டில் தானாகப் படபடவென்று ஆடியது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் வீல் பேலன்ஸ் என்று பில் போட்டார்கள். ஆட்டம் நிற்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்னைப் பின்னால் உட்காரவைத்து முன்சக்கரத்தைத் தூக்கவிட்டார். "ஒரு விரலால ஹேண்டில மெதுவாத் திருப்பிப் பாருங்க தம்பி." நடுவில் வந்ததும் 'டக்'கென்று ஏதோ பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றது. கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் குண்டு பேரிங், போயிருந்தது. கழற்றிக் காட்டினார்: கிண்ணத்தில் குண்டு உட்கார்ந்த இடமெல்லாம் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி. பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் அங்கேயும் ஆட்டம். பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் (ஸ்விங் ஆர்ம்) புஷ் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றிய அன்றைக்குப் பாலத்தில் அதே காற்று அடித்தது, வண்டி அசையவில்லை.

டயர் காற்று விஷயத்தில் தப்பு என்னுடையது. பெட்ரோல் விலை குறைவு என்பதால் முள்ளோடையில்தான் டேங்க் நிரப்புவேன், அங்கேயே காற்றும். அதற்குள் டயர் சூடாகியிருக்கும், மீட்டர் அதிகமாகக் காட்டும். சரியாக இருக்கிறது என்று நினைத்துக் குறைந்த காற்றிலேயே ஓடியிருக்கிறேன். இப்போது காலையில் கிளம்பியதும் வீட்டுப் பக்கத்துக் கடையில்தான்.

125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது) கட்டாயம் என்பதால் இதிலும் உண்டு, ஆனால் முன்சக்கரத்துக்கு மட்டும். அது தெரிந்தும் பாகூர் ரோட்டில் காயவைத்திருந்த நெல்மேல் பின்பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஒரு முழம் ஒதுங்கியது. காலை ஊன்றித் தப்பித்தேன். நெல்லுக்காரம்மா என்னைத் திட்டியதில் நியாயம் இருக்கிறது.

பின்டயர் இரண்டு முறை மாற்றினேன். இரண்டாவது தடவை கடைக்காரர் எடுத்துவந்த புது டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைப் பார்த்தேன்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாலு வருஷப் பழசு. வேறு கொடுங்கள் என்றதும் முகம் சுளித்துக்கொண்டே உள்ளே போய் வேறொன்று எடுத்துவந்தார்.

இப்போது முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடைக்குப் போகவேண்டும்.